அணிலோட பை

கரடிதான் மொதல்ல வந்து நிக்குது. நேத்தும் இதான், முந்தாநாளும் இதான். தோள்ல மஞ்சப் பை, பைக்குள்ள தேன் பாட்டிலு. தேன் கொண்டுபோகக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது. தண்ணி, எண்ணெ, தேன் எதுவும் ப்ளேனுக்குள்ள ஆகாதுன்னு படம் போட்டு மாட்டியிருக்கான், அதைக் கண்ணால பாத்துக்கிட்டே தூக்கிட்டு வருது. போன்ல செவப்பு பட்டன அமுக்குனா பாட்டில எடுத்து மேசையில வச்சுட்டு ரெண்டு சொட்டு கண்ணீர் விடும். பக்கத்து பெஞ்சுல உக்கார வச்சு ஒரு டீயக் குடுத்தா சிரிச்சுக்கிட்டே ப்ளேன் ஏறப் போயிரும். அவ்வளவுதான் அந்த ஊர்ல துக்கம்ங்கறது, டீ குடிச்சா தீந்துபோற துக்கம். சரி போ, போய்த் தொல. அடுத்தது யாரு, வாத்து. வாத்துகிட்ட ஒண்ணும் இருக்காது, குடையும் செருப்பும்தான், பச்சை. அப்புறம் ஒட்டகச்சிவிங்கி, அது கழுத்து கேட்டுக்குள்ள நொழையாம முட்டிக்கிட்டு நிக்கும், குனிஞ்சு வான்னு சொல்ல ஒரு பட்டன் இருக்கு. அணிலு இன்னும் வரல. வரும். ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால மறஞ்சு நிக்கும், சின்ன உருவம்ல. தயிர்சோத்து டப்பாவ இன்னும் தொறக்கல, தொறக்கணும், சாப்பாட்டுக்குன்னு விடுறதே கொஞ்ச நேரந்தான், அதுலயும் இந்த மாடிப்படி ஏறி வர்றதுக்குள்ள முட்டி கழண்டுருது. துணிக்கடையோட மொட்டமாடியில தகரம் போட்டு எங்களுக்குச் சாப்பிட எடம் ஒதுக்கியிருக்காங்க. காலையில வந்தவொடனே எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிருவாங்க, சாப்பாட்டுக்கு விடறப்ப குடுப்பாங்க, மணி அடிச்சதும் மறுபடி வாங்கிருவாங்க. வீட்டுக்குப் போயிட்டா போனு அவரு கையில. அதனால எனக்கு எம்மகளப் பாக்கக் கெடைக்கிற நேரம் இது ஒண்ணுதான். அந்த அணிலுதான் எம்மக.

சிந்துஜாதான் இதை எம்போன்ல ஏத்திவிட்டா. அப்ப அவ வீட்டுல இருந்தா. எம்மா, நீ கடையில பாக்குற வேலையத்தான் இதுல ஏர்போர்ட்டுல பாக்கணும், ஆனா உக்காந்துக்கிட்டே பாக்கலாம், சேர் போட்டுக் குடுத்திருக்கான் பாருன்னு சொல்லிச் சிரிச்சா. ஆமா, எனக்குக் கடை வாசல்ல செக்யூரிட்டி வேலை. உள்ள வர்ற பொம்பளைங்க கைப்பையத் தொறந்து பாக்கணும், வெளிய போறப்ப பில்லையும் கவரையும் ஒத்துப் பாத்து பில்லுல ஓட்ட போட்டுக் குடுக்கணும். நீலச் சட்டை, பெல்ட்டு, மண்ட காயுற தொப்பி. நாள் பூரா நின்னாகணும். வர்றவங்க ஒவ்வொருத்தரும் நான் என்னவோ அவங்க அடுப்படிக்குள்ள பூந்துட்ட மாதிரி பாப்பாங்க. போன பொங்கக் கூட்டத்துல ஒரு அம்மா, நாங்க என்ன திருடவா வந்திருக்கோம்னு கேட்டுட்டு கைப்பைய எம்மூஞ்சிக்கு நேரா கவுத்துக் காட்டுச்சு, சீப்பும் மாத்திரையும் தரையில ஓடுச்சு, நான்தான் குனிஞ்சு பொறுக்கிக் குடுத்தேன். இந்த வெளையாட்டுல ஒரு ஜீவனும் மொறைக்காது. பையத் தொறக்கவே வேணாம், பெல்ட்டுல வச்சா தானா உள்ள போயி, இருக்குறதெல்லாம் ஸ்க்ரீன்ல நீலமும் ஆரஞ்சுமா தெரியும். நெசமான ஏர்போர்ட்டுலயும் அப்படித்தானாம், சிந்துஜா சொன்னா. எனக்கென்ன தெரியும், எங்க திருச்சியிலயே ஏர்போர்ட்டு இருக்கு, இந்தத் தகரத்துக்கு மேலதான் ப்ளேன் போகுது, நான் அது வாசல மிதிச்சதில்ல. இதுல சேக்காளின்னு ஒண்ணு இருக்கு. நமக்கு வேண்டியவங்க அவங்க போன்ல அன்னைக்கு ஆட்டத்தத் தொறந்தாங்கன்னா அவங்க பொம்மை நம்ம கேட்டுக்கு வரும், தலைக்கு மேல ஒரு பிஞ்சு இதயம் மெதந்துக்கிட்டு இருக்கும். அவங்க பையில என்னென்ன அடுக்குறாங்களோ அது நமக்குத் தெரியும். நம்ம பொம்மை அதே மாதிரி அவங்க கேட்டுக்குப் போகும். பேச முடியாது, எழுத முடியாது. நான் ஆமை. அவதான் எனக்கு ஆமையப் போட்டா, நீ நடக்குற நடைக்கு அதான்மா பொருத்தம்னா. அவ செவப்பு மப்ளரு கட்டுன அணிலு.

முயலு. முயலுக்கு முன்னாடி ஒண்ணு, அது நரி. அணிலு இல்ல. போன வெள்ளிக்கெழமையிலேருந்து இல்ல. வெள்ளிக்கெழமை வந்துச்சு, பையில பால்பாட்டிலும் போர்வையும் இருந்துச்சு, கையக்கூட ஆட்டுச்சு. அதுக்கப்புறம் வரல. வலி எடுத்திருக்கும். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பா, அங்க போயி எவ போன நோண்டிக்கிட்டு இருப்பா. பெத்தவ கை கால அசைக்கவே ரெண்டு மூணு நாளாகும், இவளப் பெத்தப்ப நான் அப்படித்தான் கெடந்தேன், எங்கம்மா இடுப்புக்கு வெந்நி ஊத்தி ஊத்தியே என்னைய நிமுத்துனா. இவளுக்கு யாரு ஊத்துவா. அவளக் கட்டிக்கிட்ட பையனுக்கு அம்மா கெடையாது, சின்ன வயசுலயே போயிட்டாளாம், ஒரு அண்ணன் மட்டுந்தான். தலைப்பிரசவம், பொறந்த வீட்டுல நடக்க வேண்டியது. மொத புள்ளைக்கு அம்மா வீட்டுக்கு வராத பொம்பளைய நான் கேள்விப்பட்டதே இல்ல, சோத்துக்கு இல்லாத வீட்டுலகூட அதுக்குன்னு ஒரு மூலைய ஒழிச்சுக் குடுப்பாங்க. எம்வீட்டுல மூலை இருக்கு. அவ கட்டில் கெடந்த எடத்துல அவரு வேனு டயரு ரெண்டக் கொண்டாந்து போட்டு வச்சிருக்காரு.

போன மாசியில போனா. பேரு இன்பராஜ், செல்போன் கடையில இவகூட வேலை பாத்த பையன், இப்ப ரெண்டு பேரும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காங்க. பையன் எப்படி, குடிப்பானா, நல்லா வச்சுப்பானான்னு அவரு ஒண்ணும் கேக்கல. எந்தத் தெருன்னு மட்டும் விசாரிச்சாரு. எங்க பக்கத்துல தெருவச் சொன்னாலே மத்ததெல்லாம் சொன்ன மாதிரிதான். கேட்டுட்டு வந்தவரு சட்டையக் கழட்டாம கொல்லப்பக்கம் போயி தலையில தண்ணிய மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டாரு. எனக்கு மக இல்ல, செத்துட்டா, தலமுழுகியாச்சுன்னாரு. எல்லாரும் வாய்வார்த்தையாச் சொல்வாங்க, எம்புருசன் நெசமாவே முழுகுனாரு, சட்டையிலேருந்து தண்ணி சொட்டச் சொட்ட கூடத்துக்கு வந்து தாம்பாளத்துல கற்பூரத்தக் கொளுத்தி வச்சு, அணச்சுச் சத்தியம் பண்ணுன்னாரு. அவகூட இனி ஒரு வார்த்த பேசக் கூடாது, பேசுனா எம்பொணத்தத்தான் பாப்பன்னாரு. நான் அணச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க, அவரு நின்ன நெலையப் பாத்தா அப்பவே நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்துருவாரு போல இருந்துச்சு. உள்ளங்கையில கொப்புளம் வந்துச்சு, மறுநாளே அந்தக் கையாலதான் பில்லுக்கு ஓட்ட போட்டேன். அவரு கெட்ட மனுசன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஸ்கூல் வேனு ஓட்டுறாரு, ஊரு புள்ளைங்க அத்தனைக்கும் அவரு கலியபெருமாள் மாமா, ஆளுக்கொரு கடலமிட்டாய் வச்சிருப்பாரு. இவ படிச்ச காலேஜ் வழியா போற ரூட்ட வேற டிரைவருக்கு மாத்தி விட்டுட்டாரு. ஆனா சாயங்காலம் நான் வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சதும் போனக் கேட்டுக் கைய நீட்டிருவாரு. யாரு கூப்புட்டா, யார நீ கூப்புட்ட, எல்லாம் பாப்பாரு. இந்தப் பொம்ம ஆட்டத்தையும் ஒருநாள் பாத்தாரு. வயசான காலத்துல இது ஒண்ணுதான் கொறச்சல்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்குள்ள ஒரே சிரிப்பு. பேச மாட்டேன்னுதான சத்தியம் பண்ணேன், வெளையாட மாட்டேன்னா பண்ணேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், சொல்லிக்கிட்டே இருக்கேன்.

பரிமளா வந்து பக்கத்துல உக்காந்துட்டா. உள்ளாடை செக்‌ஷன்ல நிக்கிறவ, நல்லவ, ஆனா வாய மூடத் தெரியாது. அக்கா இன்னும் சாப்புடலையான்னு கேட்டுட்டு எம்டப்பாவ அவளே தொறந்து நார்த்தங்கா ஊறுகாய ஒரு ஓரமா வச்சா. அவ மக வயித்தத் தள்ளிக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கா, காலு வீங்குதாம், வாய்க்கு எதுவும் புடிக்கலையாம், ராவெல்லாம் அம்மாவத் தூங்க விட மாட்டேங்குறாளாம். சலிச்சுக்கிற மாதிரிதான் சொல்றா, ஆனா சொல்லச் சொல்ல மொகம் பொங்கி வழியுது. சொல்லுடி, நீ சொல்லாம யாரு சொல்றது. எம்மகளும் மாசமாத்தான் இருக்கான்னு ஒரு வார்த்த வெளிய விட்டா என்னன்னு நாக்கு நுனி வரைக்கும் வருது. விட முடியாது. எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பா. எலுமிச்சம்பழம் வச்சுக் கண்டுபுடிச்சேன்னு சொன்னா என்னையக் கூட்டிட்டுப் போயி மந்திரிச்சு விட்டுருவா. ஆனி மாசம் அது. அணிலோட பையில எப்பவும் கேமரா, தொப்பி, கேக்குன்னு வச்சுக்கிட்டு இருந்தவ, திடீர்னு ஒரு நாள் நாலு எலுமிச்சம்பழம் வச்சிருந்தா. மறுநாளும் எலுமிச்சம்பழம். மூணாவது நாள் பை முட்ட எலுமிச்சம்பழம், வேற ஒண்ணுமே இல்ல. என்னடி, ஊறுகா போடப் போறியான்னு ஸ்க்ரீனப் பாத்துக் கேட்டேன், கேட்ட வாயோட அப்படியே நின்னுட்டேன். இவ வயித்துல இருக்கறப்ப நானும் எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டேதான் கெடந்தேன், அதை இவகிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். அன்னைக்குப் பச்சப் பட்டன அமுக்காம, மணி அடிக்கிற வரைக்கும் அந்தப் பையப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஆவணியில குட்டிச் செருப்பு ஒரு ஜோடி. நானும் சும்மா இல்ல, ஆமையோட பையில பாலு, வாழப்பழம், முட்டை, போர்வைன்னு திணிச்சுத் திணிச்சு அனுப்புனேன். தின்னுடி, கீழ உக்காந்து எந்திரிடி, மாடிப்படி ஏறாதடி. இதையெல்லாம் எந்தப் பொருள வச்சுச் சொல்றது, அந்த ஆட்டத்துக்காரன் அதுக்கு ஒண்ணும் பண்ணி வைக்கல.

ஐப்பசியிலதான் எனக்குப் பொறுக்கல. ஏழாம் மாசம். ஆளுக்காளு வந்து கன்னத்துல சந்தனம் பூசி, கை நெறைய வளையல அடுக்கி, அவ வெக்கத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறுன்னு அஞ்சாறு சோறு கிண்டியிருப்பேன். திருப்பூர்ல லைன் வீட்டுல யாரு வந்து அடுக்குவா. வெளையாட்டுல நகைப் பெட்டின்னு ஒண்ணு இருக்கு, அதுல தங்கக் கலர்ல ஒரு வளையம். ஒவ்வொண்ணா எடுத்து ஆமையோட பையில வச்சேன், பை கொள்ற மட்டும் வச்சேன், கடைசியில ஜிப்பு மூடல, ரெண்ட எடுக்க வேண்டியதாப் போச்சு. அன்னைக்குக் கண்ணு மண்ணு தெரியல எனக்கு. கேட்டுல உலோகம் போனா கீகீன்னு கத்தும்ல, அது ஞாபகமே வரல. அவ போன்ல என் ஆமை போயி நின்னதும் அந்தக் கேட்டு கத்தியிருக்கும், செவப்பு வெளக்கு சுத்தியிருக்கும், எச்சரிக்கைன்னு வந்திருக்கும். ஊருல வளையல் சத்தம் புள்ளைக்குக் கேக்கணும்னு சொல்வாங்க, எம்பேரப்புள்ளைக்குக் கேட்டது அந்த எழவெடுத்த சைரன் சத்தம். மறுநாள் அணிலு வந்துச்சு. நான் வச்ச அத்தன வளையலும் அதோட பையில இருந்துச்சு. எல்லாத்தையும் வாங்கி அவளோட வச்சுக்கிட்டா. இந்த மாடியிலதான், அந்தா அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால போயி நின்னு அழுதுட்டு வந்தேன். கண்ணுல தூசின்னேன் பரிமளாகிட்ட.

வெள்ளிக்கெழமையிலேருந்து வரல. ஆனியில எலுமிச்சம்பழம்னா இந்தத் தையில நாளு. கணக்கு சரியாத்தான் இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல, பெத்துக் கெடக்கா. பெத்திருந்தா அவன் கையில போனக் குடுத்து, ஏங்க இதுல ஒரு தொட்டில வச்சு அனுப்புங்கன்னு சொல்லியிருக்க மாட்டாளா. சொல்ல மாட்டா, மயக்கத்துல இருப்பா. ஆபரேசன் பண்ணியிருப்பாங்க. பண்ணா என்ன, இப்ப எல்லாருக்கும் அதான் பண்றாங்க. எனக்கு வேற ஒண்ணுதான் ராப்பகலா கொடஞ்சுக்கிட்டு இருக்கு, அதைக் கிட்ட வர விடாம தள்ளித் தள்ளி விட்டுக்கிட்டு இருக்கேன். அந்தச் சத்தியம். பேசலதான். ஆனா எலுமிச்சம்பழம் பேச்சு இல்லியா. வளையலு பேச்சு இல்லியா. வெறும் வாயால சொல்றதுதான் பேச்சுன்னு நானா ஒரு சட்டத்தப் போட்டுக்கிட்டு தினமும் எம்மககூடப் பேசிக்கிட்டுத்தான இருந்தேன். கற்பூரத்துல அணச்சது இதையும் கணக்குல எடுத்துக்கிட்டா. எடுத்துக்கிட்டு அவர விட்டுட்டு, என்னைய விட்டுட்டு, அந்தப் புள்ளையப் பாத்துக் கைய நீட்டுனா. ச்சீ, வாயக் கழுவு. நெனப்புக்கு வாயி எங்க இருக்கு கழுவ. ஒரு தாயி எலுமிச்சம்பழத்தப் பாத்ததுக்கா ஒரு சாமி தண்டிக்கும். அப்படி ஒரு சாமி இருந்தா அதையும் ஒருநாள் நான் தலமுழுகிக்கிறேன். பரிமளா என்னமோ கேக்குறா, ஊறுகா எப்படி இருக்குன்னு கேக்குறா. நல்லாருக்கு. நான் இன்னும் தொடவேயில்ல.

முயல விட்டேன், அதுக்கப்புறம் யானை, யானைக்குப் பொறத்தால செவப்பு மப்ளரு. வந்துட்டா. என் தங்கம் வந்துட்டா, தலைக்கு மேல இதயம் மெதக்குது, வாலு ஆடுது, எப்பவும் போலத்தான் ஆடுது. யானையப் பாக்காமலே பச்சைய அமுக்கித் தள்ளி விட்டேன், அது துப்பாக்கி வச்சிருந்தாலும் போகட்டும். அணிலு முன்னால வந்து பையத் தூக்கிப் பெல்ட்டுல வச்சுச்சு. பை உள்ள போகுது, நான் தொட்டில்னு நெனக்கிறேன், கிலுகிலுப்பைன்னு நெனக்கிறேன், ரோசு கலர் சட்டையா ஊதா கலர் சட்டையா அதைப் பாத்துட்டாப் போதும் ஆணா பொண்ணான்னு தெரிஞ்சுரும். ஸ்க்ரீன்ல பையோட ஓரம் தெரியுது, கைப்புடி தெரியுது, ஜிப்பு தெரியுது. உள்ள ஒண்ணும் இல்ல. திரும்ப வச்சுப் பாக்க ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்குனேன், பை திரும்ப உள்ள போயி வந்துச்சு. ஒண்ணும் இல்ல. பையில ஒண்ணுமே வைக்காம அனுப்ப முடியும்ங்கறதே எனக்குத் தெரியாது. ஆபத்து எதுவும் இல்லைன்னு பச்ச வெளக்கு அதுவா எரியுது, டிங்குன்னு ஒரு மணிச் சத்தம் வேற.

அவசரத்துல அடுக்க மறந்துட்டா. இல்ல, மறந்தா பழைய பைதான வரும், பால்பாட்டிலும் போர்வையும் அப்படியே இருக்கும், அதை ஒவ்வொண்ணா வெளிய எடுத்தாத்தான் பை காலியாகும். அவ உக்காந்து எடுத்திருக்கா. பால்பாட்டில எடுத்திருக்கா, போர்வைய எடுத்திருக்கா. ஒருவேள வயிறு காலியாச்சு, பெத்துட்டேன்மான்னு சொல்றாளோ. அப்படியும் இருக்கலாமில்ல, புத்திசாலிக் கழுத, இப்படி எதையாச்சும் யோசிப்பா. பெத்தவ தொட்டில வைக்காம காலிப் பையவா அனுப்புவா. தொட்டில் இருக்குன்னு அவளுக்குத் தெரியாதா, தெரியும், மார்கழியில ஒரு தடவ வச்சுக் காட்டுனாளே. நான் நாளெல்லாம் பை பாக்குறவ. எங்க சூப்பர்வைசர் நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கே சொன்னது, நெறஞ்ச பையோட வர்றவங்களப் பத்திக் கவலப்படாத, காலிப் பையோட வர்றவங்க மேல ஒரு கண்ணு வையுன்னு. நானும் வருசக்கணக்கா அப்படித்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். காலிப் பையோட வந்து நிக்கிறா எம்மக. அணிலு கால மாத்தி மாத்தி வச்சு நிக்குது, அதுக்கு நேரம் கெடு ஒண்ணும் கெடையாது, நான் அமுக்குற வரைக்கும் அங்கயே நிக்கும். சிரிச்ச மொகம். அந்தப் பொம்மைக்கு வேற மொகம் பண்ணி வைக்கல அவன். பச்சைய அமுக்கி இதைப் போன்னு விட என்னால முடியாது, செவப்ப அமுக்கி பெஞ்சுல உக்கார வச்சு அந்த டீயக் குடுக்கவும் முடியாது. பரிமளா, இதைக் கொஞ்சம் பாத்துக்கன்னு டப்பாவ அவ பக்கம் தள்ளிட்டு எந்திரிச்சேன். எங்கக்கா போறீங்க, மணி அடிக்கப் போறாங்கன்னா. அடிக்கட்டும்.

தொட்டிக்குப் பின்னால நெழலு. நம்பர அவரு எம்போன்லேருந்துதான் அழிச்சாரு. ஒவ்வொண்ணா அமுக்கறப்ப வெரலு தப்பாப் போகுது, அழிச்சு அழிச்சு அமுக்குனேன். சாயங்காலம் அவரு பாப்பாரு. பாக்கட்டும். பொணத்தத்தான் பாப்பன்னாரே, அவரு நல்லா இருக்கணும், சாமி, அவரும் நல்லா இருக்கணும், ஆனா நான் இப்பப் பேசலன்னா எனக்கு வாயி எதுக்கு. ரிங்கு போகுது, போகுது, எடுக்கல, ஒருவேள போனு அவன்கிட்ட இருக்குமோ, எடுத்தா அவன்கிட்ட என்ன சொல்லிப் பேசறது, மாப்ளன்னு எப்படிக் கூப்புடறதுன்னு ஓடுறப்பவே எடுத்துட்டாங்க. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுச்சு. அந்த மூச்ச எனக்குத் தெரியும்.

"சிந்து."

"பாப்பாம்மா,"ன்னா. "பொம்பளப் புள்ள. அழவே இல்லம்மா."

நான் தொட்டியப் புடிச்சுக்கிட்டேன். வெயில்ல சிமெண்டு சுட்டுச்சு. வெள்ளிக்கெழம ராத்திரியே கூட்டிட்டுப் போனாங்களாம், கொடி சுத்தியிருந்துச்சுன்னு சொன்னாங்களாம், இவளுக்குக் கையில குடுக்கல, தூரத்துலேருந்து துணியில சுத்தினதக் காட்டுனாங்களாம், முடி நெறைய இருந்துச்சாம். இன்பராஜும் அவன் அண்ணனுந்தான் கொண்டுபோயி எல்லாம் பண்ணிட்டு வந்தாங்களாம். இதையெல்லாம் அவ ஒரே மாதிரி கொரல்ல சொன்னா, வேற யாருக்கோ நடந்த மாதிரி. எனக்கு அந்தச் சத்தியம்தான் கண்ணுக்கு முன்னால எரிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. அதைக் கேட்டுறலாம்னு வாயெடுத்தேன், என்னாலயாடி இதுன்னு. அதுக்குள்ள அவ கொரலு ஒடஞ்சு சின்னப் புள்ளையாட்டம் ஆயிருச்சு.

"பால் கட்டிக்கிச்சும்மா. கல்லு மாதிரி இருக்கு, தொட முடியல, காய்ச்சலடிக்குது. சட்டையெல்லாம் நனஞ்சு போவுது. யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியலம்மா."

"அழுவாத. பீச்சி எடுக்காத, எடுத்தா இன்னும் ஊறும். மல்லியப்பூவ வச்சுக் கட்டணும். நான் எடுத்துக்கிட்டு வரேன்."

"அப்பா..."

"நான் வரேன்."

என் வாயிலேருந்து அவ்வளவு நிதானமா எப்படி வந்துச்சுன்னு தெரியல. கீழ எறங்கறப்ப மணி அடிச்சாங்க, எல்லாரும் போனக் குடுக்க வரிசையில நின்னாங்க, நான் வரிசைய ஒட்டியே நடந்து வெளிய வந்துட்டேன். சூப்பர்வைசர் பேரச் சொல்லிக் கூப்புட்டாரு, திரும்பல. புள்ள போயிருச்சு, அதுக்குன்னு வந்த பாலுக்கு அது தெரியல. அது வந்துக்கிட்டே இருக்கு. ஒடம்புக்கு யாரு போயிச் சொல்றது. நேரத்துக்கு நேரம் சுரந்து, எங்க புள்ள எங்க புள்ளன்னு நெஞ்ச முட்டுது, எம்மக அந்த லைன் வீட்டுல சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. எனக்கு அழுகை வரல, ஒரே ஆத்திரமா வருது, யாரு மேலன்னு தெரியாத ஆத்திரம், ரோட்டத் தாண்டறப்ப ஒரு பஸ்ஸு ஆரன் அடிச்சான், அவனத் திட்டிட்டு வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போற மொனையில பூக்காரம்மா ஈரச் சாக்குக்குள்ள மல்லிய மூடி வச்சிருந்துச்சு. உதிரிப்பூ குடும்மான்னேன். தலைக்கா, சாமிக்கான்னு கேட்டுச்சு. ரெண்டுக்கும் இல்ல, எம்மகளுக்குப் பாலு வத்தணும்னேன். எம்மகளுக்குன்னு வெளிய சொல்லி ஒரு வருசம் ஆவப் போவுது, சொன்னது நாந்தானான்னு இருந்துச்சு. அந்தம்மா புள்ளைக்குப் பால் மறக்கடிக்கறாங்கன்னு நெனச்சுக்கிச்சு. நெனச்சுக்கிட்டு மொகமெல்லாம் சிரிப்பா, மொட்டா பாத்துப் பொறுக்கி எலையில போட்டுக்கிட்டே, பேரனா பேத்தியான்னு கேட்டுச்சு.

"பேத்தி,"ன்னேன்.

மகராசியா இருக்கட்டும்னு சொல்லி, எலைய மூடுறதுக்கு முன்னாடி இன்னொரு கைப்பூ அள்ளிப் போட்டுச்சு. நான் வாங்கிக்கிட்டேன்.